கலங்கிய தண்ணீரில் வெயில் எங்கே நிற்கிறது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், படப்பை வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் சிறு விவசாயிக்குத் தை பிறந்தால் ஒரு யோசனை வந்துவிடும். சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. நவரை நடலாமா, நிலத்தைச் சும்மா விடலாமா? மதகடியில் போய் நின்று எத்தனை அடி தண்ணீர் என்று பார்ப்பார். ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், முறைப்பாசனம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், கடைமடைக்கு எட்டுமா என்று கணக்குப் போடுவார். பங்குனி, சித்திரை வெயிலில் எவ்வளவு வற்றும் என்று ஒரு குத்துமதிப்பும் வைத்துக்கொள்வார்.

இந்தக் கணக்கில் ஒன்று மட்டும் வருவதில்லை. ஏரித் தண்ணீர் தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அது குடிதண்ணீர் எடுப்பவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம், பயிருக்கு எந்தத் தண்ணீரானால் என்ன என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. வண்டல் கலந்த செந்தண்ணீர் வயலுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொன்னதும் இதற்கு ஒரு காரணம். பெரியவர்கள் சொன்னது தவறல்ல. ஆனால் அவர்கள் பார்த்த கலக்கம் வேறு; தொழிற்பேட்டைகளுக்கு நடுவே இன்று நிற்கும் ஏரிகளில் காணும் கலக்கம் வேறு.

தெளிவு என்பது பார்வைக்கு அழகான தண்ணீர் என்ற பொருளில் இங்கே சொல்லப்படவில்லை. அன்றாடம் விழும் வெயில் தண்ணீருக்குள் எந்த ஆழத்தில் தங்குகிறது, எதைச் சூடாக்குகிறது என்பதைத் தெளிவுதான் தீர்மானிக்கிறது. ஏரியில் இதன் விளைவு மீனிலும் பாசியிலும் தெரியும். கடலில் இதன் விளைவு மேகத்திலும் மழையிலும் தெரியும். ஏரியின் மட்டத்தை அளப்பதைப் போல, பெய்த மழையை அளப்பதைப் போல, தண்ணீரின் தெளிவையும் அளந்து எழுதி வைக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

வெயில் இறங்கும் விதம்

வெயிலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் உண்டு, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரும் உண்டு. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். வெப்பக் கதிர் எந்தத் தண்ணீரிலும் ஆழம் போகாது. மேலே ஒரு முழம், இரண்டு முழத்துக்குள் அதன் பெரும்பகுதி அடங்கிவிடும். கலங்கிய தண்ணீர், தெளிந்த தண்ணீர் என்ற வித்தியாசம் அதற்கு அதிகம் இல்லை.

மீதிப் பாதியான ஒளியில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் தெளிந்திருந்தால் அது வெகு ஆழம் இறங்கும். தூய கடலில் நீல ஒளி 100 மீட்டருக்குக் கீழேயும் எட்டுகிறது. தண்ணீரில் மண் துகளோ பாசியோ மிதந்தால் ஒளி அவற்றின் மேல் பட்டு வழியிலேயே வெப்பமாக மாறிவிடும். இதிலும் ஒரு வேறுபாடு உண்டு. சேற்றுத் தண்ணீர் கொஞ்சம் ஒளியை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். பாசி பிடித்த பச்சைத் தண்ணீர் அப்படிச் செய்யாது, விழுங்கிக்கொள்ளும்.

சுவீடன் நாட்டுக் கடல் விஞ்ஞானி நில்ஸ் ஜெர்லோவ் உலகத்துக் கடல்களைத் தெளிவை வைத்தே வகை பிரித்தார். அந்த வகைகளுக்கு பால்சன், சிம்ப்சன் என்ற இருவர் 1977-ல் போட்டுக் கொடுத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி மிகத் தெளிந்த கடலில், மேற்பரப்புக்குள் நுழையும் வெயிலில் 100-க்கு 27 பங்கு 10 மீட்டர் ஆழத்தையும் தாண்டிக் கீழே போகிறது. கலங்கிய வகையில் 6 பங்குதான் போகிறது. இடையில் உள்ள 21 பங்கும் மேல் 10 மீட்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்த 21 பங்கு சின்ன விஷயமா என்று கேட்கலாம். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் தண்ணீர்ப் பரப்பில் விழும் சக்தி ஏறத்தாழ ஐந்தரை யூனிட் கரண்டுக்குச் சமம். இது முழுவதும் மேல் 1 மீட்டர் தண்ணீருக்குள்ளேயே தங்கி, வெளியே எதுவும் போகவில்லை என்று வைத்துக்கொண்டால், அந்தத் தண்ணீர் ஒரே பகலில் கிட்டத்தட்ட 5 டிகிரி சூடேறும். அதே சக்தி 10 மீட்டர் ஆழம் வரை சமமாகப் பரவினால் அரை டிகிரிதான் ஏறும். சூரியன் கொடுத்தது ஒன்றே. அது எங்கே தங்கியது என்பதால் வந்த வித்தியாசம் பத்து மடங்கு.

ஏரியில் நடப்பது

கோடையில் ஏரியில் இறங்கிக் குளித்தவர்களுக்கு இதைப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியான வேளையில் மார்பு மட்டத்தில் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும்; காலடியில் குளிர்ந்திருக்கும். கலங்கிய ஏரியில் இந்த வித்தியாசம் கூடுதலாக இருக்கும். தெளிந்த, ஆழமில்லாத ஏரியில் ஒளி அடிமண் வரை போய் மண்ணையும் சூடாக்குகிறது. மண் தன் சூட்டை அடித்தண்ணீருக்குக் கொடுக்கிறது. தண்ணீர் மேலும் கீழும் புரண்டு ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வருகிறது. கலங்கிய ஏரியிலோ மேல் தண்ணீர் மட்டும் சூடேறி, சூடேறியதால் லேசாகி, குளிர்ந்த தண்ணீரின் மேல் மூடி போட்டது போல் உட்கார்ந்துவிடுகிறது. காற்று பலமாக அடித்தால் மூடி கலையும். இல்லாவிட்டால் இரவில் ஆறி, கனத்துக் கீழே இறங்கும் வரை அப்படியே இருக்கும்.

அப்படியானால் கலங்கிய ஏரி சீக்கிரம் வற்றிவிடுமா? இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு "ஆமாம்" என்று சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். தண்ணீரின் மேல்பரப்பு 30 டிகிரியிலிருந்து 33 டிகிரிக்குப் போனால் நீராவியின் அழுத்தம் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு கூடுகிறது. ஆகவே அந்தப் பிற்பகலில் ஆவியாவது அதிகம்தான். ஆனால் தெளிந்த ஏரி அடிவரை சேர்த்து வைத்த சூட்டை இரவு முழுவதும் வெளியே விடுகிறது. அப்போதும் தண்ணீர் ஆவியாகத்தான் செய்யும். இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஏரியில் வெப்பம் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. பகலில் போகாதது இரவில் போகும். முழு நாளுக்கும் கூட்டிப் பார்த்தால் கலக்கத்தினால் வரும் வித்தியாசம் பலர் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஏரி வற்றுவதைப் பெரும்பாலும் முடிவு செய்வது வெயில், காற்று, காற்றில் உள்ள ஈரம் ஆகிய மூன்றும்தான்.

வற்றுகிற அளவே பெரிது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. கோடையில் நாளைக்கு 6 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் 24 ஆயிரம் லிட்டர் ஒரு நாளில் வானத்துக்குப் போகிறது. நூறு ஏக்கர் ஏரிக்கு 24 லட்சம் லிட்டர். இதைத் தடுக்க வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும். 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கிவிட்டதும் ஊரறிந்த கதை. சூடு எங்கே சேர்கிறது, காற்று என்ன செய்கிறது என்று முதலில் பார்த்திருந்தால் அந்தச் சிரிப்புக்கு இடம் இருந்திருக்காது.

கலக்கத்தின் உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது. மேலே வெந்நீர் மூடி உட்கார்ந்திருக்கும்போது காற்றில் உள்ள பிராணவாயு அடித்தண்ணீருக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒளியும் கீழே எட்டாததால் அடியில் உள்ள செடிகள் பிராணவாயுவை உண்டாக்குவதும் இல்லை. அடியில் சாக்கடைக் கசடு கிடந்தால் அது அழுகி, இருப்பதையும் தின்றுவிடுகிறது. பிராணவாயு இல்லாத சேற்றிலிருந்து மணிச்சத்து கரைந்து வெளியே வருகிறது. மணிச்சத்து கிடைத்தால் பாசி இன்னும் செழிக்கிறது. பாசி செழித்தால் தண்ணீர் இன்னும் பச்சையாகிறது, மேல்மட்டம் இன்னும் சூடாகிறது. ஒரு தடவை சுற்ற ஆரம்பித்த செக்கு தானாக நிற்பதில்லை.

விடியற்காலையில் ஏரி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தவர்கள் இதன் கடைசிக் கட்டத்தைப் பார்த்தவர்கள். ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் விட்டவருக்கு அன்றைய முதல் போட்டது போயிற்று. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று புகார் கிளம்பும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். பல சமயம் இரவெல்லாம் பாசியே பிராணவாயுவைக் குடித்துத் தீர்த்திருக்கும்.

நெல் விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. மதகு அடிமட்டத்தில் இருப்பதால் வாய்க்காலுக்கு வருவது அந்த அடித்தண்ணீர்தான். அழுகல் நாற்றத்துடன் கருத்து வரும் தண்ணீரை முதல் மடைக்காரர் வாங்கிக்கொள்ளத் தயங்குவதும், இரண்டு நாள் ஓடவிட்டுப் பிறகு கட்டுவதும் இந்தப் பக்கத்து ஏரிகளில் புதிதல்ல. சொர்ணவாரிக்கு நாற்றங்கால் விடுபவர்கள், தேங்கிய தண்ணீர் உச்சி வெயிலில் சுடுவதைக் கண்டு அதை வடித்துவிட்டு மாலையில் புதுத்தண்ணீர் வைப்பார்கள். இரண்டு விரற்கடை கலங்கல் தண்ணீர் எவ்வளவு சுடும் என்பது அவர்களுடைய கைக்குத் தெரியும். (ஏரியில் உபரி வழிந்தோடக் கட்டியிருக்கும் கலங்கலும் இதே சொல்தான், இங்கே பேசப்படுவது அதுவல்ல.)

கடலுக்கு அடி பக்கத்தில் இல்லை

ஏரியில் வெப்பம் ஒளிந்துகொள்ள இடமில்லை என்று மேலே சொல்லப்பட்டது. கடலில் இடம் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. தெளிந்த கடலில் 20, 30 மீட்டர் கீழே இறங்கிய வெயில் அன்றிரவே திரும்பி மேலே வந்துவிடுவதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறது. கலங்கிய கடலில் மேலேயே தங்கிய வெயில் அன்றைக்கே காற்றுக்குக் கைமாறுகிறது. ஆகவே கடலின் தெளிவு, எவ்வளவு சூடு எந்த மாதத்தில் வானத்துக்குப் போகிறது என்பதையே மாற்றிவிடுகிறது.

காற்று ஓய்ந்த, மேகமில்லாத நாளில் கடலின் மேல்மட்டம் விடியற்காலையை விடப் பிற்பகல் 2, 3 மணிக்கு 1 டிகிரி முதல் 3 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறுவது பல கடல்களில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. பலமாகக் காற்று வீசினால் இந்த ஏற்றம் தெரியாமலே போய்விடும். தினசரி ஏறி இறங்கும் இந்தச் சூடு சிறிதாகத் தோன்றினாலும், பிற்பகலில் கடல் மேல் மேகம் திரள்வதற்கு இது ஒரு தூண்டுகோல். மழை மேகக் கூட்டங்கள் இந்துமாக் கடலில் கிழக்கு நோக்கி நகர்வதைக் கணிப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் கணிப்பு பிசகுகிறது.

இதில் இந்தியர்களின் வேலை முக்கியமானது. அரபிக் கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகும்போது கடலின் மேல்மட்ட வெப்பம் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்று ஷுபா சத்யேந்திரநாத்தும், கோவாவின் தேசியக் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்களும் 1991-ல் "நேச்சர்" பத்திரிகையில் எழுதினார்கள். சூரியனும் காற்றும் மட்டுமல்ல, பாசியும் கடலின் சூட்டை ஆள்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

வங்காள விரிகுடாவின் முறை பிறகுதான் வந்தது. 2016 ஜூன், ஜூலையில் இந்திய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் "சிந்து சாதனா" கப்பலில் விரிகுடாவின் தென்பகுதிக்குப் போனார்கள். கடலுக்குள் தானே இறங்கி ஏறும் கருவிகளை விட்டு வெப்பம், உப்பு, பாசி ஆகியவற்றை அளந்தார்கள். அந்த வேலையைத் தொடர்ந்து 2020-ல் வெளியான ஒரு கம்ப்யூட்டர் ஆய்வு, விரிகுடாவின் தெளிவு இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறுவதைச் சேர்த்துக்கொண்டு 30 ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தது. கரையோரங்களில், பாசி அதிகமுள்ள இடங்களில், கடல் மேல்மட்டம் அரை டிகிரி வரை கூடுதலாகச் சூடேறியது. அதிலும் இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தில், அதாவது காற்று ஓய்ந்து கடலின் மேலடுக்கு மெலிந்திருக்கும் காலத்தில்தான் இது அதிகம். மழையும் நாளைக்கு 3 மில்லிமீட்டர் வரை கூடியது. கூடியது மியான்மர் கரையிலும், வங்கதேசத்திலும், வடகிழக்கு மாநிலங்களிலும். தமிழ்நாட்டுக் கரைக்கு இந்த ஆய்வைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது.

ஆனாலும் தமிழ்நாட்டு விவசாயி இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். காஞ்சிபுரம் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அந்தப் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பான புரட்டாசியில்தான் கடல் அமைதியாகி, மேலடுக்கு மெலிகிறது. அதே சமயத்தில் கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா ஆகிய ஆறுகள் மழைக்காலத்தில் கொட்டிய தண்ணீர் உப்புக் கடலின் மேல் மெல்லிய விரிப்பாக மிதந்து, கரையை ஒட்டியே தெற்கே வருகிறது. இலேசான இந்தத் தண்ணீர் கீழே உள்ள உப்புத் தண்ணீருடன் எளிதில் கலப்பதில்லை. ஏரியில் வெந்நீர் மூடி என்று சொன்னதன் பெரிய வடிவம் இதுதான். இதன் மேல் வெயில் விழுந்தால் சூடு எங்கே நிற்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே வந்து நின்று பெய்த மழையை இந்த வட்டாரம் மறக்கவில்லை. புயலுக்குத் தீனி கடலின் சூடு. அந்தச் சூட்டின் ஒரு பகுதியைத் தெளிவு தீர்மானிக்கிறது என்றால், கடலின் தெளிவு வானிலைக் கணக்கில் ஏற வேண்டிய எண். ஆண்டு முழுவதற்கும் ஒரே தெளிவு என்று ஒரு நிலையான எண்ணைப் போட்டுவிட்டுக் கணக்கை ஓட்டிய காலம் இருந்தது. ஜனவரியில் இருக்கும் கடலும் அக்டோபரில் இருக்கும் கடலும் ஒன்றல்ல என்று மெரினாவில் வலை இழுப்பவரே சொல்லுவார்.

தொழிற்பேட்டையும் தண்ணீரும்

ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகும். செம்பரம்பாக்கம் 24 அடியைத் தொட்டு, 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு நிரம்பினால் உபரி அடையாற்றில் விழும். அடையாறு பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் சேரும். ஆகவே இருங்காட்டுக்கோட்டையிலோ மாம்பாக்கத்திலோ தோண்டிப் போட்ட மண் மழையில் கரைந்தால், கடைசியில் போய்ச் சேரும் இடம் வங்காள விரிகுடா. பெரு மழைக்கு மறுநாள் அடையாறு முகத்துவாரத்தில் நின்றால், கடலுக்குள் செந்நிற நாக்கு நீண்டிருப்பது கண்ணுக்கே தெரியும்.

அடையாற்றைச் சுத்தம் செய்தால் மழை பெய்யும் என்று இதற்கு யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. கோதாவரியும் கங்கையும் கொட்டும் மண்ணுக்கு முன்னால் அடையாறு ஒரு கைப்பிடி. இந்த வட்டாரத்துக் கலக்கம் கெடுப்பது விரிகுடாவை அல்ல, இந்த வட்டாரத்து ஏரிகளையே. தொழிற்சாலைகள் வந்தது பற்றி இங்கே விசாரணை இல்லை. 1990-களின் கடைசியில் கார் தொழிற்சாலை வந்த நாள் முதல் இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களில் ஒரு பிள்ளையாவது ஷிப்டுக்குப் போகிறது. அந்தச் சம்பளம் பல வீடுகளில் நவரை முதலுக்கும் உதவுகிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

கவனிக்க வேண்டியது தொழிற்சாலையின் மதிலுக்கு வெளியே நடப்பதையும் சேர்த்துத்தான். மனைப் பிரிவுக்காகச் செடி கொடி செதுக்கி, வெறும் மண்ணாக விட்ட நிலம்; சாலையோரம் கொட்டிய கிராவல்; வேலைக்கு வந்தவர்களுக்காக ஏரிக்கரையை ஒட்டி எழும்பிய வாடகை அறைகள், அவற்றின் கழிவுநீர் போக வழியில்லாமல் வரவுக்காலில் விடப்படுவது; ஓட்டல், இறைச்சிக் கடைக் கழிவு. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சிறியது. வரவுக்கால் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து ஏரிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ரசாயனக் கழிவுக்கு 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. புகார் செய்ய ஓர் அலுவலகமும் இருக்கிறது. மண்ணுக்கும் சாக்கடைக்கும் பஞ்சாயத்தும் நகராட்சியும்தான் பொறுப்பு என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் கைகாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மழைத்தண்ணீர் கொண்டுவரும் வண்டல் கலக்கம் பத்து, பதினைந்து நாளில் படிந்து தெளிந்துவிடும். படிந்ததை எடுத்து வயலில் போட்டால் உரம். 2024-ல் தமிழக அரசு, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் தாசில்தார் அனுமதியுடன் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்கலாம் என்று முறையை எளிதாக்கியது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாத ஆயக்கட்டுக்காரர்கள்தான் நஷ்டப்படுபவர்கள். சாக்கடையால் வரும் பச்சைக் கலக்கம் அப்படிப் படியாது. மாசியில் தெளிய வேண்டிய ஏரி மாசியிலும் பச்சையாகவே நின்றால், வந்திருப்பது வண்டல் அல்ல என்று புரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கலக்கம் என்று தெரிந்தால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும்.

அதே நேரத்தில் கண்ணாடி போலத் தெளிந்த ஏரிதான் நல்ல ஏரி என்றும் நினைத்துவிடக் கூடாது. ஆழமில்லாத ஏரியில் ஒளி அடிவரை போனால் வேலம்பாசி தரையிலிருந்து கிளம்பி மதகையே அடைத்துவிடும். மீன் வளர்ப்பவர்களுக்கு 25 முதல் 40 சென்டிமீட்டர் வரை பார்வை இறங்கும் தண்ணீரே ஏற்றது என்று மீன்வளத் துறையினர் சொல்வது வழக்கம். அதற்குக் குறைந்தால் ஆபத்து. அதை விட மிகவும் கூடினால் மீனுக்குத் தீனி போதவில்லை.

ஒரு வெள்ளைத் தட்டு போதும்

தெளிவை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. 1865-ல் ஏஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வான சாஸ்திரி, போப்பாண்டவரின் கப்பலில் போய் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினார். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதுவே தெளிவு. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் கடல் விஞ்ஞானிகள் அந்தத் தட்டைக் கைவிடவில்லை. செயற்கைக்கோள் வந்த பிறகும் அதைச் சரிபார்க்கத் தட்டுதான் இறங்குகிறது.

செயற்கைக்கோள் இல்லாமல் இல்லை. கடலின் நிறத்தைப் பார்க்க 1999 மே மாதம் இந்தியா முதல் ஓஷன்சாட்டை ஏவியது. அதன் வரிசையில் மூன்றாவது 2022 நவம்பரில் போயிற்று. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம், கடலின் நிறத்தையும் சூட்டையும் வைத்து மீன் கிடைக்கும் இடத்தை மீனவர்களுக்குச் சொல்லி வருகிறது. ஆனால் ஓஷன்சாட் பார்ப்பது 360 மீட்டர் அகலக் கட்டங்களாக. நூறு ஏக்கர் ஏரி அதில் மூன்று கட்டம். அதிலும் கரையும் சேர்ந்துவிடும். கடலுக்கு வானத்திலிருந்து பார்த்தால் போதும். ஏரிக்கு ஆள்தான் இறங்க வேண்டும்.

செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி, எத்தனை மில்லியன் கன அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று தினசரி அறிக்கை வருகிறது. தெளிவு எத்தனை சென்டிமீட்டர் என்று அதில் ஒரு பத்தி சேர்த்தால் அரசுக்குக் கூடுதல் செலவு என்று சொல்ல ஏதுமில்லை. மட்டம் பார்க்கப் போகும் ஊழியரே தட்டையும் இறக்கிவிடலாம். சிறிய ஏரிகளுக்கு அரசை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் பல ஊர்களில் தேர்தலோடு தூங்கிவிட்டன. அவற்றுக்கு இது ஒரு வேலை. ஒரு வருடத்து எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு கலெக்டரின் குறைதீர்ப்புக் கூட்டத்துக்குப் போகும் சங்கத்துக்குப் பதில் சொல்லாமல் அனுப்புவது கடினம். "ஏரி கெட்டுவிட்டது" என்று வாயால் சொல்லுவதற்கும், "போன மாசியில் மூன்று சாண், இந்த மாசியில் ஒரு சாண்" என்று காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

தட்டு செய்வதும் எளிது. ஒரு சாண் அகலத் தகர மூடியில் வெள்ளை பெயிண்டு அடித்து, நடுவில் துளை போட்டு, அடியில் ஒரு கல்லைக் கட்டினால் போதும். நீளாத நைலான் கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் நடுவில், மேகம் மூடாத நேரத்தில், மதகு மேடையிலிருந்தோ பரிசலிலிருந்தோ நிழல் விழும் பக்கமாக இறக்க வேண்டும். தட்டு மறையும்போது ஒரு முடிச்சு, மெல்ல மேலே இழுத்து மறுபடி கண்ணில் படும்போது ஒரு முடிச்சு. இரண்டையும் கூட்டிப் பாதி எடுத்து எழுதலாம். தட்டு கிடைக்காத நாளில் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்து, உள்ளங்கை தெரிகிறதா என்று குறிக்கலாம். கூடவே மேல் தண்ணீரின் சூட்டையும், கயிற்றில் கட்டி இறக்கிய மூடி போட்ட பாட்டிலில் ஒரு ஆள் ஆழத்திலிருந்து எடுத்த தண்ணீரின் சூட்டையும் ஒரு தெர்மாமீட்டரால் பார்த்து எழுதினால், எந்த மாதத்தில் மூடி விழுகிறது என்று இரண்டு பருவத்துக்குள் தெரிந்துவிடும். மாதம் இரண்டு தடவை, அமாவாசை, பௌர்ணமி என்று நாள் வைத்துக்கொண்டால் மறக்காது.